முதுகு தெரியும் மணப்பெண்கள்

டர்பன்டைனில் நனைத்த துணியால் பூங்கோதை விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கத் தேய்க்க நகக்கண்ணில் இருந்த சிவப்பு இன்னும் உள்ளேதான் இறங்கியது. இன்றைக்குப் போய் பிரஷ்ஷைத் தொட்டிருக்கக் கூடாது. கல்யாணத்தன்று காலையில் யாராவது படம் வரைய உட்காருவார்களா? உட்கார்ந்தாகிவிட்டது. ஐம்பத்துநாலு வயதில் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியவள், குளிக்காமல் கொள்ளாமல் பழைய நைட்டியோடு படம் நிறுத்தும் ஈசலுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் கட்டிக்கொள்ளப் போகிற தாமோதரன் எழுந்துவிட்டார், அல்லது அவரும் தூங்கவே இல்லை. அந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, நகர்த்தினால் கீழ்வீட்டுத் தலையில் ஆணி அடித்த மாதிரி இருக்கும். மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு அந்தச் சத்தத்தை வைத்தே அவர் காபி குடிக்கிறாரா பேப்பர் படிக்கிறாரா என்று சொல்லிவிடுவாள். இன்றைக்கு அது ஓர் இடத்தில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. அவருக்கும் பயம்தானா? அவருக்கென்ன பயம். மனைவி போய்ப் பத்து வருஷமாகிறது, பிள்ளை குட்டி கிடையாது, காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்கள். பெரிய மனுஷர், பாவம், ஒத்தையாகக் கஷ்டப்பட்டார் என்பார்கள். இதே வாய்கள் அவளைப் பற்றி என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன, அதற்கெல்லாம் பயப்படுகிற வயதா. அதில்லை. பயம் வேறு எங்கேயோ இருந்து வருகிறது. மேஜை மேல் ஃபோன் குப்புறக் கிடந்தது. ராத்திரி அவள்தான் அப்படிக் கவிழ்த்து வைத்தாள், இன்னும் நிமிர்த்தவில்லை.

ஈசலில் இருந்த மணப்பெண்ணுக்கு முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் அடிப்பூச்சாகப் பூசிய பச்சை மண் நிறம் மட்டும் நோயாளியைப் போல வெளிறி நின்றது. நெற்றிச்சுட்டி இருக்கிறது, காதில் ஜிமிக்கி இருக்கிறது, கழுத்தை நிறைத்து மாலை இருக்கிறது, நடுவில் ஒரு பச்சைக் குழி. மூன்று முறை கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துத் தன் முகத்தையே வரைந்து பார்த்தாள், மூன்று முறையும் துணியால் துடைத்தெடுத்தாள். முதல் முறை மூக்கும் கண்ணும் அச்சாக வந்தன, ஆனால் பார்த்தால் யாரோ நாடகத்தில் மணப்பெண் வேஷம் கட்டிய மாதிரி இருந்தது. இரண்டாம் முறை சிரிக்க வைத்தாள், அது இன்னும் மோசம். மூன்றாவது முறை என்ன வந்தது என்று நினைக்கவே பிடிக்கவில்லை, அம்மாவின் முகம் வந்தது. இருபது வருஷமாக எண்ணெய் வண்ணத்தில் கல்யாணப்பெண்களை வரைகிறவளுக்கு ஒரு மணப்பெண்ணின் முகம் வரைய வரவில்லை என்றால் யார் நம்புவார்கள். ஆனால் உண்மை அதுதான். அவள் படங்களில் வருகிற பெண்கள் எல்லாரும் முதுகைத்தான் காட்டுகிறார்கள். சடை நிறையப் பூ, பூவின் பாரத்தால் லேசாகச் சாய்ந்த கழுத்து, பிடரியில் ஒட்டிய ஈர முடி, வியர்வையில் கரைந்த சந்தனம், பட்டுச்சேலைச் சிவப்பின் மேல் ஹோமப்புகையின் சாம்பல். தாலியின் முன்பக்கத்தை ஊரே பார்க்கும், முடிச்சு விழுகிற பின்பக்கத்தை அவளைப் போல வரைந்தவர் யாரும் இல்லை. நாத்தனாரின் விரல்கள் மூன்றாம் முடிச்சில் தடுமாறுகிற அந்தப் படம் சென்னையில் கண்காட்சிக்கு வைத்த முதல் நாளே போய்விட்டது. பத்திரிகைக்காரர் ஒருவர் அதைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். முகத்தை மறுப்பதன் வழியாகச் சமூகத்தை என்று ஏதோ ஆரம்பித்து எங்கேயோ போனது. தாமோதரன் சத்தமாக வாசித்துவிட்டு, “இதெல்லாம் நினைச்சுத்தான் வரைஞ்சீங்களா?” என்று கேட்டார். “நான் நின்ன இடத்துல இருந்து அதுதாங்க தெரிஞ்சுது” என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றது அவருக்குத் தெரியாது.

நின்ற இடம். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கம், சதை மெத்தென்று இருக்கிற இடத்தில் நாலு விரலும் ஒரு கட்டை விரலும் பிடித்த பிடி. இப்போதும் மழை பெய்து காற்றுக் குளிர்ந்தால் அந்த இடம் தனியாகத் தெரிகிறது, தெரிகிறதா அல்லது அவளாக நினைத்துக்கொள்கிறாளா. அப்போது அவள் புருஷன் சிவமலை போய் ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நூல் விற்ற காசை வசூல் பண்ணக் கரூருக்குப் போனவர், திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். நல்ல மனுஷர், அடித்ததில்லை, கை நீட்டிப் பேசியதில்லை. அவள் நோட்டில் கிறுக்குவதைப் பார்த்தால் “என்ன, கோலம் போடறயா?” என்பார். அவ்வளவுதான் அவருக்கும் அவள் படத்துக்கும் இருந்த பேச்சு. அவர் போன பிறகு தம்பி கல்யாணம் வந்தது, காங்கேயத்தில். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சீர் செய்கிற பெரியவர் வாழ்த்துப் பாட ஆரம்பித்ததும் எல்லாரும் மேடையை நெருங்கினார்கள், அவளும் நெருங்கினாள். தம்பியாயிற்றே, இடுப்பில் தூக்கி வளர்த்தவனாயிற்றே. அப்போதுதான் அந்தக் கை பிடித்தது. இறுக்கிப் பிடிக்கவில்லை. கோபமாகவும் இழுக்கவில்லை. குழந்தையை அடுப்புப் பக்கத்திலிருந்து நகர்த்துவது மாதிரி மெதுவாக, “கொஞ்சம் பின்னால நில்லு கண்ணு” என்று காதோடு சொல்லி நகர்த்தியது. திரும்பிப் பார்த்தால் அம்மா. அத்தைமார்களோ பங்காளி வீட்டுப் பொம்பளைகளோ பிடித்து நகர்த்தியிருந்தால் கையை உதறியிருப்பாளோ என்னவோ. அம்மா. அம்மாவின் கண்ணில் தண்ணீர் நின்றது, கை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது. பந்திக்கு இலை அடுக்கியிருந்த மேஜை வரைக்கும் தள்ளியது. அங்கே ஒரு தூண். தூணுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தம்பி பொண்டாட்டியின் பின்கழுத்து தெரிந்தது, அதில் ஒரு மல்லிகைப்பூ மட்டும் சரத்திலிருந்து கழன்று முடியில் தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து வரைந்தாள். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவளாகவே தூணைத் தேடிப் போனாள். வரைய வசதியான இடம் என்று மற்றவர்களிடம் சொன்னாள். தன்னிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாளா? வேடிக்கை என்னவென்றால், அவிநாசி ரோட்டில் இருக்கிற பெரிய மண்டபம் ஒன்றில் வாசலைத் தாண்டியதுமே அவள் வரைந்த மணப்பெண்தான் ஆளுயரத்துக்கு நிற்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருமுறை அங்கே கல்யாணத்துக்குப் போனபோது தன் படத்தைத் தாண்டி உள்ளே போய், கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மேலே நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது. நின்றதும் வேறு மாதிரி பயமாக இருந்தது. வேட்டி கட்டிக்கொண்டிருப்பார். குடிவந்த புதிதில் அவர் படியிறங்கி வந்தது சண்டை போடத்தான். கதவைத் திறந்ததும், “மேடம், தப்பா நினைக்காதீங்க, எங்க வீட்டுச் சாம்பார்ல டர்பன்டைன் வாசம் அடிக்குதுங்க” என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டு வரைய ஆரம்பித்தாள், புழுக்கம் தாங்காமல் தலைசுற்றி உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவரே வந்து, “ஜன்னலைத் தெறந்து வைங்க, அந்த வாசம் இல்லாம வீடு என்னமோ மாதிரி இருக்குது” என்றார். பிறகு காபி, பிறகு பேப்பர், பிறகு மார்க்கெட்டுக்குப் போனால் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்துக் காய். போன தை மாதம் முழங்காலைத் தடவிக்கொண்டே, “இந்தப் படியில ஏறி எறங்க இனி ஆகாதுங்க கோதை. ஒரே வீட்டுல இருந்துட்டா என்ன?” என்றார். மேடம் எப்போது கோதை ஆனது என்று அவள் கவனித்திருக்கவில்லை, அன்றைக்குத்தான் கவனித்தாள். உடம்பெல்லாம் சுட்டது. வெட்கமா அது? இந்த வயதில் வெட்கம் வருமா, வந்தால் அதற்கு வேறு பேர் வைக்க வேண்டுமா. சரி என்றுதான் சொன்னாள். உடனே சொன்னாள், யோசிக்கவே இல்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. யோசித்துவிட்டுச் சொல்லியிருந்தால் தேவையாக இருந்திருக்கும், துணையாக இருந்திருக்கும், நாலு பேருக்குச் சொல்ல ஒரு காரணமாக இருந்திருக்கும். யோசிக்காமல் சொன்னது ஆசை. ஆசைப்பட்டாள். இருபத்திரண்டு வருஷம் தூணுக்குப் பின்னால் நின்றவள் ஆசைப்பட்டாள், அதை மகளிடம் எந்த வாயால் சொல்வது.

சொல்லத்தான் செய்தாள். நித்யகலா திருப்பூரில் இருக்கிறாள், கல்யாணமாகி நாலு வருஷம், கையில் பெண் குழந்தை. போன மாதமே விஷயத்தைச் சொன்னபோது “ம்” என்றாள், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே விடவில்லை. மாமியார் வீட்டுக்குப் பயப்படுகிறாள், நாலு பேர் கேட்பார்களே என்று கூசுகிறாள், பழகிவிடும் என்று பூங்கோதை நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது சுலபமாக இருந்தது. நேற்று ராத்திரி மகளே கூப்பிட்டாள். குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு வந்திருப்பாள் போல, காற்றுச் சத்தம் கேட்டது. “நாளைக்கு வருவியா நித்தி?” என்று கேட்டதுதான் தப்பு. கேட்காமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது. இல்லை, எப்படியும் வந்திருக்கும், நாலு வருஷமாக அவளுக்குள் இருந்த வார்த்தை அது. ராத்திரி முழுக்க அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தாள், அலமாரியை ஒதுக்கினாள், பிரஷ்களைக் கழுவினாள், விடிந்ததும் வண்ணத்தைப் பிழிந்தாள். இப்போதும் தொட வேண்டாம் என்றுதான் பார்க்கிறாள். தொட்டாகிவிட்டது. “என் கல்யாணத்துக்கு நீ முன்னால வரலை. உன் கல்யாணத்துக்கு நான் மட்டும் முன்னால வந்து நிக்கணுமா?” அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை, கத்தவில்லை, வைத்துவிட்டாள். யாரும் தள்ளவில்லையே அன்றைக்கு. அம்மா போய்ச் சேர்ந்து வருஷமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார்கூட ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்வதற்கு முன்னால், அவர்கள் நினைப்பதற்கு முன்னாலேயே, பூங்கோதை தானாக நடந்து தூணுக்குப் போனாள். பெற்ற பெண்ணுக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்று போனாள். உண்மையாகவே நம்பினாளா அதை? படித்தவள், படம் வரைகிறவள், தன் கண்ணால் மகளுக்குக் கெடுதல் வரும் என்று நம்பினாளா? நம்பவில்லை. நம்பாமலேயே போனாள், அதுதான் பெரிய கொடுமை. கால் தானாகப் போனது. அம்மாவின் கை முழங்கையில் இல்லாமலேயே தள்ளியது. கன்னியாதானம் செய்து கொடுக்க சிவமலையின் அக்கா, நித்தியின் பெரியத்தை, வந்து நின்றாள்.

கதவைத் தட்டினார்கள். மணி என்ன என்று தெரியவில்லை. எழுந்து திறந்தால் தாமோதரன் வெள்ளை வேட்டி சட்டையில், தலையை ஈரம் போகச் சீவிக்கொண்டு, சின்னப் பையன் பரீட்சைக்குப் போகிற மாதிரி நின்றார். அவளுடைய நைட்டியைப் பார்த்தார், சிவந்த விரல்களைப் பார்த்தார், அவளைத் தாண்டி ஈசலில் இருந்த பச்சை முகத்தையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இறங்கியது.

“வேண்டாம்னா சொல்லிடுங்க கோதை. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்” என்றார். பிறகு, “நினைச்சுக்குவேன். ஆனா அதுக்காக நீங்க வர வேண்டியதில்லை” என்றார்.

“வேண்டாம்னு இல்லீங்க” என்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மகள் சொன்னதைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாள், சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள். அவர் வேட்டி நுனியைத் திருகினார்.

“அந்தப் பொண்ணு கேட்டது நியாயந்தானுங்க.”

அது தைத்தது. தைத்த இடத்தில் ஏதோ தளர்ந்தும் போனது. ராத்திரி முழுக்க அவள் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை, இருந்திருக்கவும் இல்லை. நகக்கண்ணில் சிவப்போடே போய் ஃபோனை நிமிர்த்தினாள், திரையில் வண்ணம் ஒட்டியது. நித்யகலா எடுக்க மாட்டாள் என்று நினைத்தாள், எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“என்னம்மா.” குரல் அழுது முடித்த குரல்.

“நித்தி, அன்னைக்கு என்னை யாரும் பின்னால போகச் சொல்லல. நானாத்தான் போனேன்.”

“தெரியும்.”

“உனக்கு நல்லதுன்னு நினைச்சு…” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “இல்ல. அதுவும் இல்ல. பழக்கமாயிருச்சு. போக வேண்டிய எடம் அதுதான்னு ஆயிருச்சு. எனக்கு உன்னோட முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. ஜாக்கெட்ல மேல் ஹூக்கு ஒண்ணு கழண்டிருந்துது. ஓடி வந்து மாட்டி விடணும்னு கை பரபரன்னு இருந்துது. வரல. அப்புறம் படத்துல வரையறப்ப மாட்டி விட்டுட்டேன்.”

குக்கர் ஒரு விசில் விட்டது, அது இந்த வீட்டுக் குக்கரா அந்த வீட்டுக் குக்கரா என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

“யாருமே மாட்டி விடலம்மா” என்றாள் மகள். “அன்னைக்கு முழுசும் அப்படியேதான் நின்னேன். மாலை மாத்தறப்ப, தாலி கட்டறப்ப, எல்லாரும் என்னைப் பாத்துட்டு இருந்தாங்க, நான் உன்னைத் தேடிட்டு இருந்தேன். பெரியத்தை என் கையைப் புடிச்சுக் குடுக்கறப்ப நான் திரும்பித் திரும்பிப் பாக்கறேன்னு அவங்க என்னைத் திட்டினாங்க. பொண்ணு தலையைக் குனிஞ்சு நிக்கோணும்னாங்க. நீ அதைப் படமா வரைஞ்ச. எல்லாரும் அழகா இருக்குன்னாங்க. வீட்டுல மாட்டச் சொல்லிக் குடுத்தயே, நான் அதைப் பிரிக்கவே இல்ல, கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கேன்.”

பூங்கோதை முக்காலியில் உட்கார்ந்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்லலாம், அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருந்தது. தாமோதரன் வாசலுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் செருப்பில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக. அவர் தலைக்கு மேல் படிக்கட்டு ஜன்னலின் வெயில் விழுந்திருந்தது, காதோரத்து நரைமுடி எழுந்து நின்றது. அந்த வெளிச்சத்தை எப்படி வரைவது என்று ஒரு கணம் மனம் ஓடியது. சீ, இப்போது போய் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இப்படித்தான் அன்றைக்கும் மகளின் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளா, கண்ணால் வரைந்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு.

“நீ வர வேண்டாம் நித்தி” என்றாள். “வான்னு கேக்க எனக்கு வாய் இல்ல. இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சொல்லிட்டேன். நான் போகப் போறேன். பயமாத்தான் இருக்குது, ஆனா போகப் போறேன். இந்தத் தடவை எனக்குப் போகோணும்.”

“போ” என்றாள் மகள். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் வைக்கவில்லை. குழந்தை சிணுங்கியது, அதை இடுப்பில் மாற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. மாமியாரிடம் போல, “இருங்க அத்தை, வந்துட்டேன்” என்று குரல் கொடுத்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, கடைக்காரரிடம் விலை கேட்கிற தோரணையில், “யாரு சாட்சி?” என்று கேட்டாள்.

“அவரோட காலேஜ்ல வேலை பாத்தவங்க ரெண்டு பேரு. மூணாவதா வாட்ச்மேனைக் கேட்டிருக்கோம்.”

“வாட்ச்மேனா?” அந்த ஒரு வார்த்தையில் சிவமலையின் அக்கா, அம்மா, மொத்தச் சாதிசனத்தின் பெருமையும் வந்து போனது. பூங்கோதைக்கு இத்தனை நேரத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தைரியமில்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “உனக்காக ஒண்ணும் இல்ல” என்றாள் நித்யகலா. குரல் உடைந்தது, உடனே சரிப்படுத்திக்கொண்டாள். “இங்க யார்கிட்டயும் சொல்லிட்டு வரப் போறதில்ல. அந்த மனுஷன்கிட்ட நான் பேச மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். மதியத்துக்கு மேல வெச்சுக்க முடியுமா? பாப்பாவத் தூக்கிட்டு பஸ்ஸு மாறி வரணும். சாட்சிக்கு என்ன கேப்பாங்க, ஆதார் இருந்தாப் போதுமா?”

பூங்கோதை ஃபோனைக் காதிலிருந்து எடுத்து வாசல் பக்கம் நீட்டி, “என்னங்க, சாட்சிக்கு ஆதார் போதுமான்னு கேக்கறா” என்றாள். அவள் அவரை என்னங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தாமோதரன் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருப்பவள் தன்னோடு பேச மாட்டாள் என்பது தெரியாமல், ரொம்ப மரியாதையாகக் குனிந்து, “போதுமுங்க அம்மிணி. ஆனா ஒரிஜினல் எடுத்துட்டு வந்துருங்க, ஜெராக்ஸ் ஒத்துக்க மாட்டாங்க” என்றார்.